ஓட்டம் முடிந்த பின் வரும் பதினான்கு நாட்கள்

(சிறுநீரக நோயாளிகள் உதவி நிதிக்காகச் சென்னை மாரத்தானில் ஓடச் செல்லும் நமதூர் இளைஞர்களையும் அவர்களின் குடும்பத்தாரையும் அழைத்து நடத்திய கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





அல்லாஹ்வின் பேரருளால் இந்த ஆண்டும் நம் பிள்ளைகள் 42 கிலோமீட்டர் ஓட முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று கடைக்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர்களும் தொகை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு ஊசி மருந்தும் வண்டிச் செலவும் கொடுக்கிறோம். அல்லாஹ் உங்கள் அனைவரின் அமலையும் கபூல் செய்வானாக.

எப்படி ஓடுவது என்று உங்களுக்குப் பயிற்சியாளர் சொல்லித் தந்துவிட்டார். அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டம் முடிந்த பிறகு வரும் இரண்டு வாரங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் சென்ற ஆண்டு நாங்கள் செய்த ஒரு தவறு. அதை உங்கள் முன் ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குவதுதான் முறை.

சென்ற ஆண்டு என்ன செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஓடிய பிள்ளைகள் அன்றிரவே ரயில் ஏறினார்கள். முன்பதிவு கிடைக்காததால் பாதிப் பேர் உட்கார்ந்துகொண்டே வந்தார்கள். திங்கள் காலை ஊர் வந்தவர்களை ஸ்டேஷனிலேயே மாலை போட்டு வரவேற்றோம். அன்று இஷாவுக்குப் பிறகு பாராட்டு விழா. ஊரே திரண்டு வந்தது. ஒவ்வொருவரும் முஸாபஹா செய்தார்கள், கட்டித் தழுவினார்கள். பிறகு சஹனில் விருந்து. களைத்துப்போன பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்து நாலைந்து பேராகச் சேர்ந்து சாப்பிட்டோம். கூட்டம் கலைய நள்ளிரவாகிவிட்டது. அன்போடுதான் செய்தோம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ஓடியவர்களில் பாதிப் பேருக்குமேல் சளியும் காய்ச்சலும் வந்தது. பிள்ளைகள் நாலைந்து நாளில் தேறிவிட்டார்கள். ஆனால் ஒரு தம்பியின் வாப்பா, எழுபதைத் தாண்டியவர், பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர், மகனுக்குப் பின்னால் படுத்தார். சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகிவிட்டது. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்து வந்தார். ஆனால் ரமலான் வந்தபோது அவருக்கு நோன்பு வைக்கும் தெம்பு இல்லை. சிறு பிராயத்திலிருந்து ஒரு நோன்பும் விடாதவர் அவர்.

அந்தக் காய்ச்சல் ஓட்டத்தினால்தான் வந்தது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார். ஆனாலும் தூங்க வேண்டிய பிள்ளைகளைத் தூங்கவிடாமல், கூட்டத்தின் நடுவே உட்கார வைத்து, ஒரே தட்டில் சாப்பிட வைத்து, பிறகு வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அனுப்பியது நாங்கள்தான். அந்த வாப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களுக்காக துஆ செய்தார். அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்களிடம் சொல்கிறோம்.

ஓடியவர்களைக் கவனித்துப் பார்த்தவர்கள் கண்டது

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆண்டுதோறும் 56 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது. இரு பெருங்கடல் ஓட்டம் என்று அதற்குப் பெயர். 1982இல் அதில் ஓடிய 150 பேரையும், அவர்களோடு ஒப்பிடத்தக்க, ஓடாதவர்களையும் இரண்டு வாரம் கவனித்தார்கள். ஓடாதவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குச் சளி, தொண்டைவலி போன்றவை வந்தன. ஓடியவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு வந்தன. அதிலும் வேகமாக ஓடி முடித்தவர்களுக்கே அதிகம்.

1987இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானிலும் இப்படி ஒரு கணக்கு எடுத்தார்கள். ஓட்டத்துக்கு அடுத்த ஒரு வாரத்தில், ஓடியவர்களில் நூற்றுக்கு 13 பேர் சளி, காய்ச்சலில் விழுந்தார்கள். அதே அளவு பயிற்சி எடுத்து, பெயரும் கொடுத்து, வேறு காரணத்தால் ஓடாமல் நின்றவர்களில் நூற்றுக்கு 2 பேர்தான் அப்படி விழுந்தார்கள்.

இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு எந்த உம்மாவும் மகனிடம் "ஓடாதே" என்று சொல்லிவிட வேண்டாம். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பவர்களுக்கும் மிதமாக ஓடுபவர்களுக்கும் நோய் எதிர்ப்பு நன்றாகவே இருக்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் பெருகிக் கிடக்கும்போது இன்னும் பலர் நடக்கவும் ஓடவும் வர வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். கவனம் தேவைப்படுவது மணிக்கணக்கில் உடலைப் பிழிந்தெடுக்கும் ஓட்டத்துக்குப் பிறகு மட்டுமே.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நீண்ட ஓட்டத்தில் உடல் அதை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. கார்டிசால் போன்ற சுரப்பு நீர்கள் ஏறுகின்றன. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் முதலில் பெருகுகின்றன. ஓட்டம் நின்ற ஓரிரு மணி நேரத்தில், லிம்போசைட் எனப்படும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. எச்சிலில் இருந்து தொண்டையைக் காக்கும் எதிர்ப்புப் பொருளும் சிலருக்குக் குறைகிறது. இதைப் பார்த்த பழைய ஆய்வாளர்கள், ஓட்டத்துக்குப் பின் சில மணி நேரம் முதல் மூன்று நாள் வரை வீட்டு ஜன்னல் திறந்து கிடப்பதுபோல் உடல் காவலின்றி இருக்கிறது என்றார்கள்.

2018இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இதை மறுத்தார்கள். அந்த அணுக்கள் அழிந்துபோகவில்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போயிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அப்படியானால் நோய் எங்கிருந்து வருகிறது? பெருங்கூட்டம், பயணம், தூக்கமின்மை, சரியாகச் சாப்பிடாதது, மனப் பதற்றம் ஆகியவற்றை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். மணிக்கணக்கில் வாயால் மூச்சு வாங்கித் தொண்டை வறண்டு புண்ணாவதால் வரும் இருமலும் உண்டு. அது கிருமியால் வருவதே அல்ல.

மருத்துவர்கள் தங்களுக்குள் விவாதித்து முடிக்கட்டும். நம் வேலைக்கு இரண்டு தரப்பும் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன. கூட்டம், பயணம், தூக்கமின்மை என்று அவர்கள் சொன்ன பட்டியலை, சென்ற ஆண்டு நாங்கள் நடத்திய விழாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுகூட விடுபடவில்லை!

முதலில் தூக்கம்

தம்பிமார்களே, ஓட்டத்துக்குப் பின் நீங்கள் உண்ணும் எந்த மருந்தையும்விடத் தூக்கம் பெரியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 153 பேரின் தூக்கத்தை இரண்டு வாரம் கணக்கெடுத்துவிட்டு, அவர்கள் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, எட்டு மணியோ அதற்கு மேலோ தூங்கியவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சளி பிடித்தது. 2009இல் வெளிவந்த ஆய்வு இது.

ஓடிய அன்றிரவு கால் வலியில் தூக்கம் சரியாக வராது. அதனால் முதல் மூன்று நாளும் இஷா தொழுதுவிட்டுப் படுத்துவிடுங்கள். லுஹருக்குப் பிறகும் சற்றுக் கண்ணயருங்கள். செல்போனைப் பக்கத்து அறையில் வையுங்கள். ஓடிய படத்துக்கு வரும் வாழ்த்துகளை ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் அவை அங்கேயே இருக்கும்.

சாப்பாடு

ஓட்டம் முடிந்ததும் வியர்வையில் நனைந்த துணியை முதலில் மாற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எதையும் வாயில் வையுங்கள். ஒருவர் வாய்வைத்த பாட்டிலில் மற்றவர் குடிக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் பேரீச்சம்பழம், வாழைப்பழம், உப்புப் போட்ட மோர், அவித்த முட்டை என்று கிடைப்பதைச் சாப்பிடுங்கள். ஓடும்போதும் இடையிடையே மாவுச்சத்தும் இனிப்பும் எடுத்துக்கொண்டால் சுரப்பு நீர்களின் ஏற்றம் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே இருப்பதும் கூடாது. அப்படிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கமும் வலிப்பும் வரலாம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பும் சேரட்டும்.

தாய்மார்களே, வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு முதல் நாளே நெய்ச்சோறும் கறியும் என்று வயிற்றை நிரப்ப வேண்டாம். கஞ்சி, இட்லி, மீன் ஆணம், பருப்பு, முட்டை, பழம் என்று நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

வைட்டமின் சி மாத்திரை பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 90 கிலோமீட்டர் அளவுக்கு காம்ரேட்ஸ் என்றொரு ஓட்டம் 1921 முதல் நடந்து வருகிறது. நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. அதில் ஓடியவர்களில் ஒரு சாராருக்கு ஓட்டத்துக்கு முந்தைய மூன்று வாரம் தினம் 600 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கும் சளித் தொந்தரவு வந்ததாக 1993இல் வெளியிட்டார்கள். சாதாரண மக்களுக்கு இப்படிச் சளியைத் தடுக்கும் பலன் தெரியவில்லை. கடுமையாக உடலை வருத்துபவர்களுக்கு மட்டும் பலன் இருக்கலாம். நம் ஊரில் நெல்லிக்காய்க்கும் கொய்யாவுக்கும் பஞ்சமா? நூறு கிராம் கொய்யாவிலேயே 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. இன்றிலிருந்தே தினம் சாப்பிடுங்கள்.

மருந்துக் கடையில் நீங்களாக வாங்கக்கூடாதவை

சென்ற ஆண்டு சில தம்பிகள் ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டார்கள் என்று பிறகு தெரிய வந்தது. ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கின்றன. உடலில் நீர் வற்றி, தசை நைந்து, அந்தக் கழிவையெல்லாம் சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? டயாலிசிஸ் நோயாளிகளுக்காக ஓடப் போகிறோம். போகும் நம் பிள்ளைகளே அந்த வரிசையில் போய் நிற்கக்கூடாது. ஓட்டத்தின்போதும் அடுத்த இரண்டு நாளும் மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம். சிறுநீர் பால் சேர்க்காத தேயிலை நிறத்தில் போனாலோ, அரை நாளுக்கு மேல் போகாமலே இருந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சளி பிடித்தால் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதும் வேண்டாம். பெரும்பாலான சளிக்குக் காரணம் வைரஸ். அதன்மேல் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையே கிடையாது.

எப்போது மறுபடி ஓடலாம்?

முதல் வாரம் நடை போதும். இரண்டாவது வாரம் உடல் ஒத்துழைத்தால் மெதுவாக ஓடலாம். கடும் பயிற்சி இரண்டு வாரத்துக்குப் பிறகுதான்.

மூக்கொழுகலும் தும்மலும் மட்டும் இருந்தால் நடப்பதில் தவறில்லை. காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு இருந்தால் ஓடவே கூடாது. இதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். சில வைரஸ்கள் இதயத் தசையிலும் வீக்கத்தை உண்டாக்கும். காய்ச்சலோடு ஓடினால் அது மோசமாகி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, வாலிப வயதிலேயே உயிர் போகலாம். அப்படி வீக்கம் உறுதியானவர்களை மூன்று முதல் ஆறு மாதம் விளையாட்டுப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர்கள் நிறுத்தி வைக்கிறார்கள். காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சுவலி, படபடப்பு, படி ஏறினால் மூச்சு முட்டல் என்று ஏதாவது இருந்தால் "ஓடிய களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள். இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

உங்களுக்கு நாலு நாள் சளியாகப் போவது, வீட்டில் இருக்கும் வயதானவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் நாலு நாளில் போகாது. ஆகவே சளி, இருமல் கண்டவுடன் தனி அறையில் படுங்கள், முகக்கவசம் போடுங்கள், தட்டும் தம்ளரும் துண்டும் தனியாக வையுங்கள். வாப்பாவைக் கட்டித் தழுவுவதைச் சில நாள் தள்ளிப்போட்டால் பாசம் குறைந்துவிடாது. அறுபது தாண்டிய பெரியவர்களும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் ஃப்ளூ தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி போட்டுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

நோன்பு பற்றி ஒரு சொல்

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. நம் தம்பிகளில் சிலர் திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு வைப்பவர்கள். சென்ற ஆண்டு ஒருவர் ஓடிய மறுநாளே நோன்போடு இருந்தார். அவருடைய பேணுதலுக்கு அல்லாஹ் கூலி தருவான். ஆனால் நீர் வற்றிய உடம்புக்கு அன்று தண்ணீர்தான் மருந்து. நம் இமாம் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். உபரியான நோன்பை உடல் தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். இடைவிடாமல் நோன்பும் தொழுகையுமாகவே இருந்த தோழரிடம், உன் உடலுக்கும் உன்மீது உரிமை இருக்கிறது என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை ஹஜ்ரத் அவர்கள் நினைவூட்டினார்கள்.

இந்த ஆண்டு அறக்கட்டளை எடுத்துள்ள முடிவுகள்

ஞாயிறு இரவு பயணம் கிடையாது. அன்றிரவு சென்னையிலேயே தங்கி உறங்கிவிட்டு, திங்கள் இரவு படுக்கை வசதியோடு ரயிலில் திரும்புகிறார்கள். டிக்கெட் இப்போதே எடுத்துவிட்டோம். ஸ்டேஷனுக்கு வரவேற்க யாரும் வர வேண்டாம். பிள்ளைகள் நேராக வீட்டுக்குப் போய்ப் படுக்கட்டும். பாராட்டு விழா மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபோடு முடியும். விருந்து உண்டு, ஆனால் அன்று சஹன் இல்லை, தனித்தனித் தட்டு. சஹனில் சேர்ந்து உண்பது நம் பெரியவர்கள் தந்த பழக்கம். அதை விடப்போவதில்லை, இந்த ஒரு நாள் மட்டும் தள்ளிவைக்கிறோம்.

கடை முதலாளிமார்களுக்கும் ஒரு கோரிக்கை. உங்கள் கடையில் வேலை பார்க்கும் தம்பி செவ்வாய்க்கிழமை வந்து இறங்குவார். வியாழன்வரை அவருக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதிய தொகையோடு இதையும் உங்கள் நன்கொடையாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

நாம் சொன்ன அந்த வாப்பா இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். அவருடைய மகன் இந்த ஆண்டும் ஓடுகிறார். "நீங்கள் தடுக்கவில்லையா?" என்று கேட்டோம். "நல்ல காரியத்துக்கு ஓடுறான், ஓடட்டும். வந்ததும் அவனைத் தூங்க விடுங்க, அது போதும்" என்றார்கள். இன்ஷா அல்லாஹ், இம்முறை தூங்க விடுவோம்.

ஓடுபவர்களுக்கும், அவர்கள் யாருக்காக ஓடுகிறார்களோ அந்த நோயாளிகளுக்கும், வீட்டில் காத்திருக்கும் பெற்றோருக்கும் அல்லாஹ் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.